தடியனை அழைத்த மூன்று தட்டு

பசிபிக் கடலில் இருக்கும் அய்துதாக்கித் தீவுக்கு வருகிறவர்களுக்கு மணல்திட்டு, மலையேற்றம், துடுப்புப் படகு என்று ஆயிரம் வேடிக்கை உண்டு. ஆனால் படகோட்டி மாராவோடு கடலுக்குப் போனவர்கள் ஊர் திரும்பிச் சொல்வது ஒன்றைத்தான்: தடியன். ஆள் நீள மீன், நெற்றியில் பெரிய புடைப்பு, கீழுதட்டில் எப்போதோ தூண்டில் கிழித்த வெட்டு. மாரா படகுப் பலகையில் மூன்று தட்டுத் தட்டினால், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஆடி அசைந்து வரும்; அவித்த முட்டையை அவன் கையிலிருந்தே வாங்கித் தின்னும்.

அது பயமறியாமல் வளர்ந்ததற்குக் காரணம் ராஉயி, அதாவது மீன்பிடிக்கத் தடைபோட்ட கடல். ஊர்ப்பெரியவர்கள் தடியன் திரிந்த பகுதியைச் சுற்றிக் கம்பு நட்டுக் கீற்றுக் கட்டியிருந்தார்கள். அதற்குள் தூண்டிலோ ஈட்டியோ போகக் கூடாது. கூடப் படித்தவர்களெல்லாம் நியூசிலாந்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட, மாரா மட்டும் பெண்டாட்டி பிள்ளைகளோடு இங்கேயே பிழைத்தான் என்றால் அது தடியன் போட்ட சோறு.

மனைவியின் தம்பி ரூவாவைப் படகில் துணைக்குச் சேர்த்திருந்தான். தான் காய்ச்சலில் படுத்த ஒரு வாரம், அவன் கேட்டான் என்று தட்டுகிற விதத்தையும் சொல்லிக்கொடுத்தான். சொந்தக்காரன் கேட்டு இல்லையென்று சொல்லும் வழக்கம் அந்தத் தீவில் கிடையாது. நல்ல வழக்கம், போங்கள்!

ரூவாவின் மகனுக்கு முடிவெட்டு விழா வந்தது. பிறந்ததிலிருந்து வளர்த்த முடியை உறவினர் ஆளுக்கொரு கொத்தாக வெட்ட, ஊரே உட்கார்ந்து சாப்பிடும். முதல் கொத்தை மாராதான் வெட்டினான். அந்த மரியாதைக்கு, மண்ணடுப்பில் வெந்த மீன் தலையை இலையோடு அவன் முன்னால் வைத்தார்கள். இரண்டு வாய் தின்று, ருசி பிரமாதம் என்று பாராட்டவும் செய்தான். பிறகுதான் இலையை முழுக்க விலக்கினான். கீழுதட்டில் அந்த வெட்டு இருந்தது.

"ரூவா, இங்க வாடா! இதை எங்க பிடிச்ச?"

"விசேஷமும் அதுவுமா ஏன் அத்தான் கத்துறீங்க? ராஉயிக்குள்ள நான் போகவே இல்ல. கம்புக்கு வெளியதான் படகை நிறுத்தினேன்."

"அப்புறம்?"

"மூணு தட்டுத் தட்டினேன். அதுவா வந்துச்சு."

பந்தியிலிருந்த பெரியவர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எல்லைக்கு வெளிய பிடிச்சா குத்தமில்லையேப்பா. உக்காந்து சாப்பிடு."

"குத்தமில்லையா? அது என்னைத் தேடி வந்துச்சுய்யா!"

ரூவா சிரித்தான். "ஒரு மீனுக்குப் போயி ஒப்பாரியா? வேற ஒண்ணைப் பழக்குங்க அத்தான்."

மச்சான் கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டான் என்பது மாராவுக்கு ஒரு பக்கம். கடைசி நிமிஷத்தில், மாராதான் ஏமாற்றினான் என்றல்லவா தடியன் நினைத்திருக்கும்? அதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது.

அடுத்த வாரம் பயணிகளோடு கடலுக்குப் போனான். மூன்று தட்டுத் தட்டினான். தடியனோடு திரிந்த சின்ன மீன்கள் முட்டைக்கு ஓடி வந்தன. துடுப்பை எடுத்துத் தண்ணீரில் ஓங்கி அடித்தான். அவை சிதறின. மறுபடி தட்டினான், வந்தவற்றை மறுபடி அடித்து விரட்டினான். பயணிகள் இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று கைதட்டினார்கள். தினமும் இதையே செய்தான். கடைசியில் ஒருநாள் எவ்வளவு தட்டியும் ஒரு மீன்கூட வரவில்லை. படகுக்கு ஆட்கள் வருவதும் நின்றது.

"உங்க பொழப்புல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிறீங்களே அத்தான்!" என்றான் கரையில் நின்ற ரூவா.

மாரா படகை மணலில் இழுத்துக் கவிழ்த்தான். "அதுங்களாவது யாரையும் நம்பாம பொழைச்சுப் போகட்டும்டா" என்றான். "எனக்குத்தான் அதைச் சொல்லிக்குடுக்க ஆளில்லாமப் போச்சு."