மருமகளின் ரயில்

என் மனைவிக்கு இங்கிலாந்து அரண்மனையின் மருமகள்கள் எல்லோரையும் தெரியும். அவளுடைய தாத்தா கன்டோன்மென்டில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் சமையல் செய்தவர். அந்த வழியாக வந்த பழக்கமோ என்னவோ, அரண்மனைக் கல்யாணம் என்றால் மர்பி டவுனில் எங்கள் வீட்டு டிவியை யாரும் அணைக்க முடியாது. நான் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுத்தே ரிடையர் ஆனவன். எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். அவள் மணப்பெண்ணின் முக்காட்டைப் பார்ப்பாள். அந்தப் பெண் எதையெல்லாம் விட்டுவிட்டு வருகிறாள் என்று நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

இளவரசனைக் கட்டிக்கொள்பவளுக்குக் கணவனின் பட்டம் கிடைக்கிறது. முறைப்படி எழுதினால் இளவரசி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வருவதுகூடக் கணவனின் பெயர்தான். இளவரசியைக் கட்டிக்கொள்ளும் ஆணுக்குத் தானாக ஒரு பட்டமும் வராது, ஆனால் அவன் தன் பாட்டுக்கு வேலைக்குப் போய் வரலாம். அரண்மனைப் பணிக்கு வரும் மருமகள்களோ பழைய வேலையை விட்டுவிடுகிறார்கள். ஒருத்தி நடிகை. நடிப்பை விட்டாள், பிறகு அரண்மனைப் பணியையும் விட்டுக் கணவனோடு கடல் தாண்டிப் போனாள். இன்னொன்றும் படித்தேன். அரியணை வரிசையில் இருக்கும் முதல் ஆறு பேர் கல்யாணம் செய்துகொள்ள அரசரின் அனுமதி வாங்க வேண்டும். அந்த ஆறு ஏனோ மனத்தில் தங்கிவிட்டது.

என் ஒரே மகள் மெட்ரோ ரயில் ஓட்டுகிறாள். "பின்னாடி ஆறு பெட்டி நைனா, எல்லாம் என் கையில" என்று முதல் வாரம் சொன்னதிலிருந்து, அவள் வீடு திரும்பும்வரை பயந்துகொண்டு வாசலிலேயே நிற்பேன். இரண்டு மூன்று வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பயம் இடம் மாறியது. பையன் அவளோடு கல்லூரியில் படித்தவன், இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சேலத்துப் பக்கம் இருந்து வந்து வைட்ஃபீல்டில் வீடு வாங்கிய குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டு மருமக வேலைக்குப் போய்த்தான் ஆகணும்னு ஒண்ணுமில்லைங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் மகள் சிரித்தாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நிச்சயம் முடிந்த பிறகு பையன் வீட்டிலிருந்து அழைப்பிதழின் மாதிரி என் போனுக்கு வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்குப் பின்னால் படிப்பும் வேலையும் போடுவார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு பட்டம், ஒரு பதவி, ஒரு கம்பெனி. அவருடைய அப்பாவுக்கு மூன்று சங்கங்களில் பொறுப்பு. தம்பிக்குக்கூட அமெரிக்காவில் ஒரு பதவி. என் மகளுக்கு 'திருநிறைச்செல்வி', பெயர், பி.இ. அதோடு சரி. ரயிலைக் காணோம்.

மனைவியிடம் காட்டினேன்.

"பெரிய இடம், அப்படித்தான் போடுவாங்க. நீ இன்னாத்துக்கு பூதக்கண்ணாடி வெச்சி பாக்கற?"

"வேலையை எடுத்துட்டாங்க."

"காயிதத்துலதான எடுத்தாங்க?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் காகிதத்தில் எடுப்பார்கள், அப்புறம் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. கேட்டால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று ஒரு பயம். கேட்காவிட்டால் அவள் ஓட்டுவது நின்றுவிடுமோ என்று இன்னொரு பயம். மகளிடம் ஒன்றும் சொல்லாமல், சம்பந்தி வீட்டுக்கு நானே போனேன்.

வாசலில் நான்கு காவலாளிகள். என் பெயரைக் கேட்டார்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். மேலே போன் செய்து, அங்கே சரி என்று சொன்ன பிறகுதான் தடுப்பு உயர்ந்தது. லிஃப்டில் இருபத்திரண்டு பொத்தான்கள். பதினேழை அழுத்தினேன்.

பையனின் அம்மா காபி கொடுத்தார். நான் பத்திரிகையைப் பற்றி ஆரம்பித்தேன்.

"அதுவாங்க சம்பந்தி, டிரைவர்னு போட்டா ஊர்ல கார் டிரைவர்னு நெனச்சுக்குவாங்க. ஒவ்வொருத்தருக்கா விளக்கிட்டு இருக்க முடியுங்களா? வேணும்னா மெட்ரோ அதிகாரின்னு போட்டுரலாங்க."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். பயம் விடவில்லை.

"கல்யாணத்துக்கு அப்புறமும் அவ வேலைக்குப் போறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

அவர் தம்ளரைக் கீழே வைத்து யோசித்தார்.

"சரிங்க, போகட்டுங்க," என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மாலையில் மகளிடம் நல்ல செய்திபோலச் சொன்னேன். அவள் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கையில் எடுத்த டீயைக் குடிக்கவே இல்லை.

"நீ ஏன் நைனா போய் கேட்ட?"

"உனக்காகத்தாம்மா."

"நேத்து வரைக்கும் அது என் வேலை. இன்னைக்கு அவங்க குடுத்த பர்மிஷன். நாளைக்கு வேணாம்னு சொன்னா திருப்பிக் குடுக்கணுமா?"

மனைவி சமையலறையிலிருந்து, "அந்த ராஜா கிட்ட ஆறு பேர்தான் கேக்கணுமாம். உங்க நைனா ஏழாவதா போய் நின்னுட்டு வந்துருக்காரு" என்றாள். மகள் சிரிக்கவில்லை. நானும்தான்.

அன்றே அவள் மாமியாருக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அதிகாரி வேணாம், நான் அதிகாரி இல்ல. உங்க பத்திரிகை உங்க இஷ்டம். எங்க பக்கத்துக்கு நாங்க தனியா அடிச்சிக்கறோம். அதுல மெட்ரோ ரயில் ஓட்டுநர்னு வரும். வேலையப் பத்தி நைனா கேட்டது அவரா கேட்டது. நான் கேக்கல."

மறுபக்கம் என்ன சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை. கல்யாணம் நிற்கப்போகிறது என்றே நினைத்தேன். மண்டபத்துக்காரர், சமையல்காரர் என்று யார் யாரிடம் போய் முகம் காட்ட வேண்டும் என்று எண்ணிக்கொண்டு படுத்தேன். நிற்கவில்லை. இரண்டு பத்திரிகைகளோடு நடந்தது. அவர்கள் பத்திரிகையில் பி.இ. மட்டும், எங்களுடையதில் ரயில்.

விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளில், மனைவிக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அல்சூர் மெட்ரோ நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தேன். முதல் ரயிலின் முகப்பில் ஓர் ஆண். இரண்டாவதில் வேறொரு பெண். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்று வரும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஏழாவதில் அவள். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாளா தெரியாது. கதவுகள் மூடின, போய்விட்டாள். அப்போதுதான் என் கால் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது.

படி இறங்கும்போது போன் அடித்தது. சம்பந்தியம்மா.

"எங்க அபார்ட்மென்ட்ல ரெண்டு பேரு, மருமக ஓட்டறதைப் பாக்கணும்ங்கறாங்க. பிளாட்பாரத்துல எந்தப் பக்கம் நின்னா தெரியுங்க?"

"வண்டி நிக்கறப்ப முன்கோடியில நிக்கணுங்க," என்றேன்.

"பெருமையாத்தானுங்க இருக்குது. இப்போதைக்கு ஓட்டட்டும்."

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அரண்மனைக்கு மருமகள் வந்த மறுமாதமே எல்லோரும் வாரிசு எப்போது என்று கேட்க ஆரம்பிப்பார்கள் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். 'இப்போதைக்கு' என்றால் எதுவரைக்கும் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சம்பந்தி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க," என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.