தறிச் சத்தம் கேட்கும் வீடு

1979ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஏழரை மணிக்கு மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இறங்கினேன். கையில் ஒரு தோல் பெட்டி. அதற்குள் பன்னிரண்டு சாய டப்பாக்கள், இரண்டு சட்டை, ஒரு ஆர்டர் படிவம்.

கரூரில் ஒரு சாயக் கம்பெனியில் எனக்கு விற்பனை வேலை. கடல் கடந்து போவது அதுதான் முதல் தடவை. இலங்கையில் இறக்குமதிக்குக் கதவு திறந்திருக்கிறது, கிழக்குக் கரையில் மருதமுனை என்று ஒரு நெசவாளர் ஊர் இருக்கிறது, அங்கே சங்கச் செயலாளரிடம் ஆறு மாதத்துச் சாயத்துக்குக் கையெழுத்து வாங்கி வா என்று முதலாளி அனுப்பியிருந்தார். வாங்காமல் வந்தால் பழையபடி கிடங்கில் மூட்டை எண்ணப் போகலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்த ஊர்க்காரர்கள் முஸ்லிம்கள், நம் தமிழ் அவர்களுக்குப் புரியாது, ஆங்கிலத்திலேயே பேசு என்பதும் அவர் யோசனைதான்.

கொழும்பில் நான் தங்கிய விடுதியின் மேலாளர் வேறு மாதிரி பயமுறுத்தினார். அந்தப் பக்கத்தில் வசிய மருந்து வைப்பார்களாம். சோற்றிலே கலந்து கொடுத்துவிட்டால் போனவன் ஊரை மறந்து அங்கேயே கிடப்பானாம். தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்காதீர்கள் என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். ஆனாலும் பிஸ்கட் பொட்டலம் இரண்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

எட்டே காலுக்குக் கல்முனை பஸ் புறப்பட்டது. மருதமுனை வரை இருபத்திரண்டு மைல். டிக்கெட் இரண்டு ரூபாய் நாற்பது சதம். கல்லடிப் பாலம் தாண்டியதும் வெளியே பார்த்தேன். அதன்பிறகு பார்வையை எடுக்க முடியவில்லை.

தென்னைகளுக்குத் தலை இல்லை. ஒன்றிரண்டுக்கு அல்ல, சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை ஒன்றுக்குமே இல்லை. சாம்பல் நிறத்தில் வெறும் தூண்களாக, எல்லாம் ஒரே திசையில் சற்றுச் சாய்ந்து நின்றன. நல்ல வெயில். ஆனால் நிழல் என்று தரையில் விழுந்தவை கோடுகள்தாம். இலங்கை என்றால் பச்சை என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். கார்த்திகையில் சூறாவளி அடித்ததைச் செய்தித்தாளில் படித்திருந்தேன். படித்துவிட்டு மறந்தும் போயிருந்தேன்.

பக்கத்தில் மடி நிறையக் கூரை ஆணி வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மரமெல்லாம் செத்திட்டு தம்பி. இன்னும் விழல்ல, அவ்வளவுதான்" என்றார். எனக்குப் புரிந்த தமிழ். முதலாளி சொன்னதில் ஒன்று அங்கேயே பொய்யானது.

ஒன்பதரை மணிக்கு மருதமுனை. நெசவாளர் ஊர் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும்; கரூரில் தறிகளுக்கு நடுவே வளர்ந்தவன். இங்கே தெரு மௌனமாக இருந்தது. தகரம் போட்ட வீடுகள், கூடாரத் துணி கட்டிய வீடுகள், வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஆண்கள். தேநீர்க் கடைக்காரரிடம் செயலாளர் அலியாரின் வீடு எது என்று கேட்டேன்.

"நேராப் போங்க. தறிச் சத்தம் கேக்குற ஊடு" என்றார்.

நெசவாளர் ஊரில் இது என்ன அடையாளம் என்று கேட்டேன்.

"வேற ஊட்ட கேக்காது தம்பி. ஊருக்கு நூல் வந்து மூணு மாசம்."

நடந்தேன். இரண்டாம் சந்து தாண்டியபோது கேட்டது. டக், டடக். டக், டடக். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். போகும்போதே காதில் ஏதோ உறுத்தியது. தறிதான், ஆனால் சத்தம் வறண்டிருந்தது. என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை.

அலியாருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் வெள்ளைச் சாரம், ஒழுங்காக வாரிய தலை. வாங்க வாங்க என்று உள்ளே அழைத்து நாற்காலி போட்டார். நான் ஆங்கிலத்தில் தொடங்கியதும் சிரித்துவிட்டு, நாம் தமிழிலேயே கதைக்கலாம், என்னைக் காக்கா என்று கூப்பிடுங்கள், இங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்போம் என்றார். பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் முதலாவதாக வந்தவராம். சாயங்களைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்கு எனக்கே பாதிக்குப் பதில் தெரியவில்லை. எந்தச் சாயம் உப்புக் காற்றில் வெளுக்கும், எது கிணற்று நீரில் மங்கும் என்றெல்லாம் கேட்டார். மூங்கில் தட்டிக்கு அப்பால் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

பத்தரை இருக்கும். நீலச் சாயத்தை அவர் விரலில் தேய்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். தறி நின்றது. அவரும் நின்றார். பாதி வாக்கியத்தில் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. கண்கள் வாசலைத் தாண்டி எங்கோ போய்விட்டன. நான் அழைத்தேன். அவருக்குக் கேட்கவில்லை. பத்து எண்ணுவதற்குள் தறி மறுபடி ஓடியது. விட்ட சொல்லிலிருந்தே பேச்சைத் தொடர்ந்தார். நடுவில் ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியவில்லை.

மதியத்துக்குள் இது மூன்று தடவை நடந்தது. விடுதி மேலாளர் சொன்னது அப்போது சிரிப்பாக இல்லை. இந்த மனிதரை யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள், கயிறு தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று தோன்றியது. உள்ளே இருப்பவர் அவர் மனைவி சல்மா உம்மா என்று மட்டும் தெரியும். முகத்தைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறும், அவர்கள் ஆணம் என்று சொல்லும் மீன் குழம்பும் வந்தன. வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். அலியார் வற்புறுத்தவில்லை. தட்டுகளை மூடி வைத்தார், தானும் உண்ணவில்லை. விருந்தாளி பசியோடு இருக்கும்போது தனக்கு இறங்காது என்றார். பெட்டிக்குள் இருந்த பிஸ்கட்டை நினைத்து வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு அவர் தொழப் போனார். பள்ளிவாசல் அடுத்த வளவில்தான். அவர் போனதும் தறி நின்றது. முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். சூறாவளி பிடுங்கிய சுவரில் ஒரு பெரிய இடைவெளி. அதன் வழியே தறி தெரிந்தது. குழித்தறி. பாவு இல்லை. ஊடை இல்லை. ஒற்றை நூல் இழைகூட இல்லை. வெறும் சட்டம். அதன் முன்னால், குழிக்குள் காலை விட்டபடி, ஒரு பெண் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் களைத்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் நெய்தது எதுவுமே இல்லை.

திரும்பி ஓடலாமா என்று நினைத்தபோது அவள் என்னைக் கண்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பயப்பிடாதீங்க தம்பி. அவர் பள்ளியால வாறாரா எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்க. கை நோகுது, கொஞ்சம் இரிக்கிறன்."

பள்ளிவாசல் வாசலைப் பார்த்தபடி நின்றேன். அவளும் என்னைப் பாராமலே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்.

சூறாவளி அன்றைக்குப் பின்னேரமே காற்று தொடங்கியிருக்கிறது. கடற்கரையில் தோணியை இழுத்துக் கட்டப்போன தன் தம்பியைக் காணோம் என்று அலியார் தேடிப் போனார். அவர் போன பிறகு கூரை போனது, பாவு அறுந்து பறந்தது. இருட்டில், மழையில், வீடு எது தெரு எது என்று எவருக்கும் தெரியாத நேரம். இவள் தறிக்குழியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, வெறும் தறியை அடித்துக்கொண்டே இருந்தாள். அவருக்கு எங்காவது கேட்கட்டும் என்றுதான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் தவழ்ந்து வந்து சேர்ந்தார், தனியாக. தம்பியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"அதுக்குப் பொறகு இப்பிடித்தான். தொழுகைல நிக்கக்குள்ள ஒண்டுமில்ல. ஊட்ட இரிக்கக்குள்ள சத்தம் நிண்டா, தான் இன்னும் வந்து சேரல்ல எண்டு நினைச்சிருவார். வெளியிலேயே நிக்கிறாராம்."

அலியார் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தார். சொன்னேன். தறி ஓடத் தொடங்கியது.

மூன்று மணிக்குக் கடற்காற்று எழுந்தது. தகரங்கள் முனகின. தலையற்ற மரங்களில் உரச ஓலை இல்லாததால் காற்று அடிமரங்களின் நடுவே புகுந்து, ஊதுவது போல ஒரு சத்தத்தோடு வந்தது. படிவத்தை மேசையில் விரித்து வைத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எல்லாம் தெரிந்த பிறகும் விரித்து வைத்தேன். கிடங்கு என் கண்ணில் நின்றது. நூல் எப்போது வரும் என்று தெரியவில்லை, அரசாங்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்று அலியார் தயங்கிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

தறி நின்றது.

இந்தத் தடவை பத்து எண்ணியும் ஓடவில்லை. இருபது ஆயிற்று. அலியாரின் முகத்தில் வியர்வை பூத்தது. பேனா பிடித்த கை மேசை விளிம்பைத் துழாவியது, சுவர் எங்கே என்று இருட்டில் தேடுகிற மாதிரி. பட்டப்பகல், அவருடைய சொந்த வீடு. என் பக்கம் திரும்பினார்.

"ஊடு எந்தப் பக்கம் தம்பி?"

என்னைத்தான் கேட்டாரா, கிடைக்காத தம்பியைக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் எதைக் காட்டினாலும் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார் என்பது மட்டும் தெரிந்தது. தெரிந்ததும் எனக்கே என்னைக் கண்டு பயம் வந்தது.

ஒரு சாய டப்பாவை எடுத்து மேசையில் அடித்தேன். டக், டடக். டக், டடக். அந்தத் தாளம் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கை வலிக்க அடித்தேன். மூடி திறந்து மஞ்சள் பொடி படிவத்தின் மேலெல்லாம் கொட்டியது. மெதுவாக அவர் கண்கள் என் கையில் வந்து நின்றன. பிறகு மேசையில், பிறகு தன் பேனாவில். தட்டிக்கு அப்பால் தறி மறுபடி எழுந்தது. காற்று புரட்டிய தகரம் ஒன்று சல்மா உம்மாவின் காலடியில் விழுந்ததால் எழுந்து போனாளாம், அடி இல்லை.

படிவத்தை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

"காக்கா, இப்போது உங்களுக்குச் சாயம் வேண்டாம். நூல் யாரிடம் கிடைக்கும் என்று எங்கள் ஊரில் கேட்டு எழுதுகிறேன். பசிக்கிறது, சாப்பிடலாமா?"

"ஓம்" என்று மூடிய தட்டுகளைத் தானே எடுத்து வந்தார். ஆறிப்போன மீன் ஆணம். இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். அலியார் இரண்டாம் சந்து வரை கூட வந்தார். அங்கே தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இதற்கு அப்பால் தான் வருவதில்லை என்று சொல்லிக் கைகொடுத்தார். பஸ் நிறுத்தம் அங்கிருந்து ஐம்பதடி தூரம்கூட இல்லை.

கரூரில் முதலாளி சொன்னபடியே செய்தார். ஒன்றரை வருடம் கிடங்கில் மூட்டை எண்ணினேன். நூல் வியாபாரி ஒருவருக்கு மருதமுனை முகவரி கொடுத்தேன். பலமுறை கேட்ட பிறகு அவர் சரக்கு அனுப்பினார். அதே 1979 ஆவணியில் அலியாரின் கடிதம் வந்தது, அழகான கையெழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல். ஊரில் தறிகள் ஓடுகின்றன, இனிச் சாயம் வேண்டும், படிவத்தை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். கீழே, வேறு மையில், இரண்டு வரி கூடுதலாக இருந்தது. நூல் ஏற்றினால் தறியின் சத்தம் மாறிவிடுகிறது. ஆகவே எங்கள் வீட்டில் இரண்டாவதாக ஒரு தறி போட்டிருக்கிறோம், அதில் நூல் ஏற்றுவதில்லை.