ரூம் மாறிப் போனவர்

எழுபதுகளில் மரக்காணம் உப்பளம் ஒன்றில் நான் மேஸ்திரியாக இருந்தேன். ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி ஒருவர் வரப்பில் நடந்து வந்தார். டெரிலின் சட்டை, தடித்த கண்ணாடி. காலேஜில் வாத்தியாராம். பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். உப்புக் காற்றில் அது உடனே மறுபடி மங்கிப்போகும்.

எங்களிடம் உப்பு வாரும் ஓர் ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். படிக்கும்போது இருவருக்கும் ஹாஸ்டலில் ஒரே ரூமாம். நான் போய்ச் சொன்னேன். அந்த ஆள் நிமிரவே இல்லை.

"வேலை இருக்குதுன்னு சொல்லிடுங்க."

திரும்பி வந்து சொன்னதும் வாத்தியார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பரீட்சையில அவன் காப்பி அடிச்சான். நீ பார்த்தியான்னு பிரின்ஸ்பால் கேட்டாரு. பார்த்தேன்னு சொல்லிட்டேன். அவனைக் காலேஜை விட்டே அனுப்பிட்டாங்க."

"உண்மையைத்தானே சார் சொன்னீங்க?"

"அது தப்பில்லீங்க. இப்ப கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா அவன் பெட்டி கட்டுறதுக்குள்ள நான் வேற ரூமுக்குப் போயிட்டேன். அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை."

வெயில் தாழும்வரை இருந்துவிட்டு அவர் பஸ் ஏறினார். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அந்த ஆள் என்னிடம் வந்தார்.

"போயிட்டானா?"

"போயிட்டாரு."

ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் கொஞ்ச நேரம் இருப்பான்னு நெனச்சேன்" என்றார்.

அதற்குப் பிறகு பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்ப்பேன். வாத்தியார் வரவே இல்லை.