பொது வெளியில் நான் நட்ட கல்

அறுத்த பச்சைப்புல்லின் வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. சாலைக் கடைத்தெருவின் கிழக்குக் கோடியில், கிள்ளியாற்றைப் பார்த்துச் சரிந்து கிடந்த அந்தப் புறம்போக்குக்கு மனசு போய்விடும். தெற்கேயிருந்து அரிசியும் வத்தலும் ஏற்றிவந்த வண்டிகளை அங்கேதான் அவிழ்ப்பார்கள். மாடுகள் சரிவில் இறங்கித் தண்ணீர் குடிக்கும். அக்கரையிலிருந்து ஒருத்தி ஆற்றில் இறங்கி நடந்து, தலைச்சுமையாகப் புல் கொண்டு வருவாள். அவள் சாதிக்காரர்கள் கோவில் வழியில் நடக்கக்கூடாது என்றிருந்த காலம். ஆனால் அந்த வெளியில் யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. வெயில், சாணம், மாட்டின் பசி, புல். அவ்வளவுதான் அங்கே.

நான் அப்போது ஒரு அரிசி மண்டியில் கடிதம் எழுதுகிறவன். இருபத்துமூன்று வயது.

வெளிக்கு வடக்கே ஒரு மரக்கடைக்காரர் இருந்தார். ஒவ்வொரு மழைக்கும் அவருடைய வேலி ஒரு முழம் நகர்ந்து வரும். வேலிக்குக் கால் முளைத்துவிட்டது என்று வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. இடம் போனால் வண்டி எங்கே நிற்கும்? தாலுகா கச்சேரிக்கு மூன்று மனு எழுதினேன். பதில் இல்லை.

"ஒரு கல்லை நட்டு மஞ்சத்துணி சுத்திருவோமா அண்ணாச்சி?" என்றேன். "சாமியை எவன் தள்ளுவான்?"

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கும் மூளை இருக்குடே."

ஆற்றிலிருந்து உருண்டைக் கல்லொன்றை நானே தூக்கிவந்து வெளியின் நட்டநடுவில், ஆற்றுக்கு இறங்கும் தடத்தின் ஓரம் நட்டேன். நடுவில் இருந்தால் நாலு பக்கமும் காக்கும் என்று நினைப்பு. மறுநாளே மரக்கடைக்காரர் வந்து விழுந்து கும்பிட்டார். வேலி தானாகப் பின்வாங்கியது. கடைத்தெரு பூராவும் அதைச் சொல்லிச் சிரித்தது.

பிறகு வெள்ளிக்கிழமை விளக்கு வந்தது. விளக்கேற்றிப் பூசை செய்ய ஒரு பிராமணர், போற்றி, வந்தார். போற்றி வந்த கையோடு சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. கீழ்ச்சாதிக்காரர் அதைத் தாண்டக்கூடாது. வண்டி நிற்கிற இடம், ஆற்றுத் தடம், எல்லாமே கோட்டுக்குள்.

புல்லுக்காரி அக்கரையிலேயே நின்றாள். கட்டு தலையில் வாடியது. சில நாள் வண்டிக்காரர்கள் ஆற்றைக் கடந்துபோய் வாங்கினார்கள். அப்புறம் ஊரிலிருந்தே வைக்கோல் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

நான் ஆற்றில் குளிக்கப் போனபோது அக்கரையிலிருந்து என்னைக் கேட்டாள்: "ஏமானே, ஞான் இனி எவிடப் போய் நிக்க? அடுப்பு எரிஞ்சு நாலு நாளாச்சு."

முதலாளியிடம் ஓடினேன். "கல்லை எடுத்திரலாம் அண்ணாச்சி."

"கோட்டிக்காரப் பயலே! வச்ச சாமியை எடுக்கவா? எடுத்தா நாளைக்கே வேலிக்காரன் வந்து நிப்பான்."

அதுவும் பொய்யில்லை. இரண்டு நாள் தூக்கமில்லாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் சொன்னேன்: "எடுக்க வேண்டாம். மரக்கடை வேலி மூலைக்கு மாத்திருவோம். காவலுக்குக் காவல், ஆத்துத் தடமும் திறந்திரும்."

"போற்றி சும்மா இருப்பாரா?"

"அந்த மூலையில மாமரம் நிக்கி. நல்ல நிழல்."

முதலாளி சிரித்துவிட்டார். ஆனாலும் கல்லைத் தொட ஆளில்லை. கடைசியில் வண்டிக்காரர்களில் மூத்தவர் கடப்பாரையை எடுத்தார். "வைக்கோலைத் தின்னு மாடு எலும்பாப் போச்சு. சாமி கோவிச்சா என் தலையில விடியட்டும்." பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, கல் இடம் மாறியது. போற்றி முணுமுணுத்துக்கொண்டே நிழலுக்குப் போனார். கோடும் அவரோடு மூலைக்குப் போனது.

இன்றைக்கு அங்கே லாரிகளும் நிற்கின்றன. வெளி வெளியாகவே கிடக்கிறது. அதைக் காத்தவன் என்று சில பேர் என்னைச் சொல்வதுண்டு. ஒருத்திக்கு அதை அடைத்தவனும் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கல் இடம் மாறிய அன்று சாயங்காலமே அக்கரைக்குப் போனேன். "கல்லை மாத்தியாச்சு. நாளையிலேருந்து வரலாம்."

"ஆரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"வச்சதும் ஏமான்தானே?" என்றாள்.

அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் திரும்பித் தண்ணீரில் இறங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளைக்கு ஏமான் முன்னால நடக்கணும். ஞான் பின்னால வரும். பாதி வழியில விட்டுட்டு ஓடப்பிடாது."