நாற்பத்தொன்றாம் வீட்டுப் புள்ளி

அழகம்மாளை அந்த வேலைக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். அதனால் இதைச் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

1958-ஆம் வருஷம் மாசி மாதம் மெட்ராஸிலிருந்து ரெங்கராஜ் என்பவர் ஒரு ஜீப்பில் மேலக்கொல்லைக்கு வந்தார். திருவரங்குளத்துக்குத் தெற்கே இருக்கிறது ஊர். நான் அங்கே பள்ளிக்கூடத்து வாத்தியார். ரெங்கராஜுக்கு முப்பது வயது இருக்கும். பெருவியாதி என்கிற குஷ்டம் எந்தெந்த வீட்டில், எந்த வயதில் வருகிறது, வந்தபின் அந்தக் குடும்பம் என்ன ஆகிறது என்று ஆராய்ந்து எழுதிப் பட்டம் வாங்க வந்திருந்தார். நோய் இருப்பவர்களுக்கு மாத்திரையும் கொடுப்பதாகச் சொன்னார். ஆண்களை அவரே சோதித்தார். பெண்களோ முதுகைக் காட்டுவதற்குப் பதில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரு லேடி வேணும் சார். ஊர்ல எல்லாரும் நம்புறவங்களா இருக்கணும்" என்று என்னிடம் கேட்டார்.

அப்படி ஊரில் ஒருத்திதான் இருந்தாள். அழகம்மாள் சின்ன வயதில் ஆவூரில் மாமன் வீட்டில் தங்கி அங்கிருந்த பாதிரிமார் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். கிணறு வெட்டும்போது மண் சரிந்து புருஷன் செத்துப்போக, இருபத்தாறு வயதிலேயே தனியானவள். கடலைக் கொல்லை ஒன்றைத் தானே உழைத்துப் பயிரிட்டாள். பிரசவ வீடானாலும் சாவு வீடானாலும் முதல் ஆளாக நிற்பாள். யாரைப் பற்றியும் யாரிடமும் பேச மாட்டாள்.

ரெங்கராஜ் அவளுக்குச் சோதனையைக் கற்றுக்கொடுத்தார். தோலில் வெளிறிய தேமல் இருந்தால், அந்தப் பெண்ணைக் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் அந்த இடத்தைத் தொட வேண்டும். பிறகு குண்டூசியால் லேசாகக் குத்த வேண்டும். தொட்டதும் குத்தியதும் தெரியவில்லை என்றால் அது நோய். அதை அச்சடித்த பாரத்தில் பேரோடு எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இரண்டே நாளில் அவளுக்குக் கை பழகிவிட்டது.

வேலை தொடங்குமுன் அவள் ஒன்று கேட்டாள். "பேரு எழுதுறோமே சார், அது யாரு கைக்குப் போகும்?"

"என் கையைத் தவிர எங்கயும் போகாது. எண்ணி முடிச்சதும் பாரத்தையெல்லாம் எரிச்சிடுவேன். புஸ்தகத்துல வெறும் கணக்குதான் வரும். ஒரு பேரு வராது."

"சத்தியமா?"

"எங்கம்மா மேல சத்தியம்" என்றார் ரெங்கராஜ். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

அந்தச் சத்தியத்தை அவள் வீடு வீடாகச் சுமந்துபோனாள். நூற்றுப் பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டிலும், "எரிச்சுப்புடுவாக ஆத்தா, பயப்படாத. நான் இருக்கேன்ல" என்றாள். சாத்தியிருந்த கதவுகள் திறந்தன.

நாற்பத்தொன்றாம் வீடு அவள் தங்கை செவந்தி வாழப்போன வீடு. செவந்திக்கு இருபத்திரண்டு வயது. ஒப்பந்தக்காரர் திருப்பதியின் மகன் வீரய்யாவைக் கட்டி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு தேமல். இறகு தெரியவில்லை. ஊசியும் தெரியவில்லை.

அழகம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். "எழுதவா வேணாமா வாத்தியாரய்யா?" என்றாள். எழுதினால்தான் மாத்திரை கிடைக்கும், தொடக்கத்திலேயே தின்றால் குணமாகிவிடும், இந்த வகை யாருக்கும் ஒட்டாது என்று ரெங்கராஜ் சொல்லியிருந்தார். "எழுது" என்றேன். எழுதினாள்.

செவந்தி கிட்டத்தட்ட மூன்று வருஷம் அந்த வெள்ளை மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துத் தின்றாள். தேமல் மங்கி, தோல் நிறத்துக்கே வந்துவிட்டது. அக்கா எப்போது குத்திப் பார்த்தாலும் "ஆ" என்று கத்துவாள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

இதற்கிடையில் 1960 கடைசியில் ரெங்கராஜின் ஆராய்ச்சி இங்கிலீஷில் புத்தகமாக வந்தது. யூனியன் ஆபீசுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். ரோடு வேலை விஷயமாக அங்கே போயிருந்த திருப்பதிக்கு அங்கிருந்த குமாஸ்தா, "ஒங்க ஊர் புஸ்தகத்துல வந்திருக்கு பாருங்க" என்று எடுத்துக் காட்டினார்.

அந்தப் பிரதியை நானும் பிறகு பார்த்தேன். ரெங்கராஜ் சொன்னபடி பேர் ஒன்றுகூட இல்லை. ஆனால் நடுவில் மடித்து வைத்த ஒரு படம் இருந்தது. ஊருணி, ஐயனார் கோயில், பள்ளிக்கூடம், தெருக்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர். நோயாளி இருக்கும் வீட்டில் ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்த பக்கத்தில் நம்பர் வாரியாக வயதும், ஆணா பெண்ணா என்பதும். நாற்பத்தொன்று: பெண், இருபத்திரண்டு. அந்த வீட்டில் அந்த வயதில் வேறு பெண் யார்? முன்னுரையில் ரெங்கராஜ் நிறையப் பேருக்கு நன்றி சொல்லியிருந்தார். அழகம்மாளுக்கு, 'உள்ளூர் உதவியாளர் ஒருவர்' என்று.

அன்று சாயங்காலமே செவந்தியின் துணிமணிகள் தெருவுக்கு வந்தன. திருப்பதி பிரிவினை கேட்டுப் புதுக்கோட்டைக் கோர்ட்டில் மகன் பேரில் மனு போட்டார். குஷ்டம் இருந்தால் பிரிந்துபோகலாம் என்று புதிதாக வந்த கல்யாணச் சட்டத்தில் இடமிருந்தது. அழகம்மாளுக்குச் சாட்சி சம்மன் வந்தது.

அவள் ரெங்கராஜுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். மூன்று எழுதினேன். பதில் இல்லை. கடைசியில் அவளே மெட்ராஸுக்கு ரயிலேறினாள். திருச்சியைத் தாண்டி அவள் போனது அதுதான் முதல் தடவை. ரெங்கராஜ் அப்போது ஒரு காலேஜில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள்.

"படம் எதுக்கு சார் போட்டீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"படம் இல்லாம அது ரிசர்ச்சே இல்லம்மா. நான் பேரு போடலயே?"

"எங்க ஊர்ல வீட்டக் காட்டுனா பேரு சொன்ன மாதிரிதான் சார்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க ஏன் பயப்படுறீங்க? வெறும் புள்ளியை வச்சு யாராலயும் ஒண்ணும் நிரூபிக்க முடியாது. பாரமெல்லாம் அப்பவே எரிச்சாச்சு. தேமலே இல்லைன்னு சொல்லிடுங்க. கேஸு நிக்காது" என்றாராம். காப்பி வாங்கிக் கொடுத்து, பஸ் ஏறும் இடம்வரை ஆள் கூட அனுப்பினாராம்.

"என்ன இருந்தாலும் நல்ல மனுசன் வாத்தியாரய்யா" என்றாள் அழகம்மாள். அவள் முகம் தெளிந்திருந்தது. செவந்தியிடமும் போய், "கவலப்படாதடி, அக்கா பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வாய்தா அன்று நானும் கூடப் போனேன். திருப்பதி தரப்பு வக்கீல் சத்தம் போடவே இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"செவந்தி ஒங்க கூடப் பொறந்த தங்கச்சிதானே?"

"ஆமாங்க."

"அம்பத்தெட்டுல வீடு வீடாப் போயிச் சோதிச்சது நீங்கதானே?"

"நான்தாங்க."

"செவந்தி முதுகுல தேமல் இருந்துச்சா?"

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்றாள் அழகம்மாள், தெளிவாக.

வக்கீல் நீதிபதியின் அனுமதி கேட்டு, கோர்ட்டு குமாஸ்தாவிடமிருந்து ஒரு பழுப்பு உறையை வாங்கினார். உள்ளே ஒரு கட்டுத் தாள்கள். நடுவிலிருந்து ஒன்றை உருவி அவளிடம் நீட்டினார்.

"இது யாரு கையெழுத்தும்மா?"

உருண்டை உருண்டையான எழுத்து. 'செவந்தி, வீரய்யா பெண்சாதி, வயது 22. வலது தோளுக்குக் கீழே. இறகு தெரியவில்லை. ஊசி தெரியவில்லை.' கீழே அழகம்மாளின் கையெழுத்து.

அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். நீதிபதி இரண்டு தடவை கேட்டபிறகு, "என்னுதுதாங்க" என்றாள். "ஆனா இப்ப கொணமாயிருச்சுங்க. அது ஒட்டாதுங்க. மாத்திரை தின்னு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் வக்கீல்.

உறையோடு ரெங்கராஜின் கடிதமும் இருந்தது. கோர்ட்டு கேட்டபடி மூலப் பாரங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருப்பதாகவும், மேல் ஆராய்ச்சிக்குத் தேவைப்படுவதால் வேலை முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தார். வக்கீல் அதைத் தேதியோடு உரக்கப் படித்தார். அழகம்மாள் மெட்ராஸில் அவரைப் பார்ப்பதற்கு நாலு நாள் முந்தைய தேதி. காப்பி வாங்கிக் கொடுத்தபோதே பாரம் அவர் கையைவிட்டுப் போயிருந்தது.

பொய்ச் சாட்சி சொன்னதற்கு நீதிபதி அவளைக் கடுமையாகக் கண்டித்தார். படிக்காத பெண், பாசத்தில் சொல்லிவிட்டாள் என்று மேற்கொண்டு நடவடிக்கை எடுக்காமல் விட்டார். கூண்டிலிருந்து இறங்கி வந்தவள் என்னிடம், "கோர்ட்டு கேட்டுச்சு, குடுத்தாரு. சரிங்க. எங்கிட்ட ஏன் எரிச்சேன்னு சொன்னாரு?" என்றாள். பஸ்ஸில் வரும்போதும் அதையே கேட்டாள்.

நோய் குணமானதற்கு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தோம். சாட்சியே பொய் சொல்லியிருக்கும்போது அதற்கு என்ன மதிப்பு? பிரிவினை கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து முழுசாகவே அறுத்துக்கொண்டு, வீரய்யா அறந்தாங்கிப் பக்கம் வேறு பெண் கட்டினான்.

வழக்கு முடிந்ததோடு ஊரும் மாறியது. படத்தில் இன்னும் பதினாறு புள்ளிகள் இருந்தனவே. பேசிவைத்த இரண்டு கல்யாணம் நின்றது. ஒரு குடும்பம் மீமிசல் பக்கம் போய்விட்டது. மாத்திரை தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மாத்திரை ஜீப் வந்தால் கொல்லைக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். அழகம்மாளிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. பிரசவ வீடுகளிலிருந்து அவளைக் கூப்பிட ஆள் வருவது மட்டும் நின்றுபோனது.

1965-இல் இன்னொரு குழு வந்தது, குடும்பங்களைக் கணக்கெடுக்க. தலைமை தாங்கி வந்த பெண் அதே சொற்களைத்தான் சொன்னாள், பேர் வெளியே வராது என்று. பழைய பழக்கத்தில் நான் அவளை அழகம்மாள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டேன். அழகம்மாள் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "நீ நல்ல புள்ளயாத்தான் தெரியிற தாயி. ஆனா எனக்கு நல்லவுகள அடையாளம் தெரியல" என்றாள். அந்தக் குழுவுக்கு ஊரில் பாதி வீடுகூடப் பேசவில்லை.

செவந்தி தாய் வீட்டில் இருந்தபடி ரோடு போடும் வேலைக்குப் போனாள். அக்காவோடு நாலு வருஷம் பேச்சில்லை. அதற்கப்புறம் ஒரு பங்குனியில், அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அழகம்மாள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனாள். செவந்தி எழுந்து உட்கார்ந்து, கஞ்சியை வாங்கிக் குடித்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்க அக்கா கையை நீட்டியபோது மட்டும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீ எனக்குக் கெடுதல் நெனைக்கலன்னு தெரியும்க்கா" என்றாள். "ஆனா ஒன் கையைப் பாத்தா பயமா இருக்கு."

அழகம்மாள் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மறுநாளும் கஞ்சி கொண்டுபோனாள். வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.