ஜன்னலுக்குக் கீழே காய்ந்த புல்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் பச்சை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் அவர். வேலை முடிந்து கூட வந்தவர்கள் சாமான்களைக் கட்டியபோது, செங்கல் தூளும் கம்பித் துண்டுமாகக் கிடந்த முற்றத்தைக் காட்டி, "இதை இப்படியே விடாதீங்க, நான் புல் போட்டுத் தர்றேன்" என்றார். போட்டவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அது புற்றுநோய் ஆஸ்பத்திரி. டாக்டர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு உடனே வீட்டுக்குப் போகக் கால் வராது. புல்தரையில் வந்து உட்காருவார்கள். சிலர் புல்லைப் பிய்த்துக்கொண்டே இருப்பார்கள். மற்ற தோட்டக்காரர்களாக இருந்தால் சத்தம் போடுவார்கள். பச்சை அண்ணன் வேறு பக்கம் போய்விடுவார்.

"ஏன்தான் இந்தப் புல்லைக் கட்டிக்கிட்டு அழறீங்களோ?" என்பாள் மனைவி.

"நான் எங்கடி அழறேன்? அழ வர்றவங்களுக்கு ஒரு இடம் வேணாமா?"

அந்தப் புல்தரையில்தான் ஒரு கோடையில் சொட்டை விழத் தொடங்கியது. பெண்கள் வார்டுக்குக் கீழே, சுவரை ஒட்டி, முறம் அகலத்துக்குப் புல் பழுத்து, பிறகு வைக்கோலாகக் காய்ந்தது. நாய் வேலை என்று நினைத்து வேலியை அடைத்தார். புழுவாக இருக்கும் என்று தோண்டிப் பார்த்தார். ஒரு புழுகூட இல்லை. வேறு இடத்திலிருந்து புல்லைப் பெயர்த்துவந்து ஒட்டுப் போட்டார். அதுவும் கருகியது. மண் மேலே வெள்ளை பூத்து, அப்பளம் மாதிரி இறுகிப்போனது. தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு பையில் மண்ணை அள்ளிக்கொண்டு வேளாண் கல்லூரிக்குப் போனார். அங்கே மண் பரிசோதனை செய்யும் அம்மா பொறுமையாகப் பார்த்துச் சொன்னார். "உப்பு ஏறிப்போச்சுண்ணே. வேரால தண்ணி எடுக்க முடியல. யாரோ விடாம உப்புத்தண்ணி ஊத்தறாங்க."

"யாருங்க ஊத்தப் போறா?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்று சிரித்தார் அந்த அம்மா.

மறுநாள் மதியம் செடி மறைவில் உட்கார்ந்தார். மாடி ஜன்னல் ஒன்று மெல்லத் திறந்தது. ஒரு கை, கையில் டம்ளர். சளக். ஜன்னல் மூடிக்கொண்டது.

இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று படியேறினார். வாசலில் ஆயாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஜன்னலோரக் கட்டிலருகே நின்றதும் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். படுத்திருந்தவள் பஸ் கண்டக்டர். கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததில் கழுத்து கருத்திருந்தது. உதடு வெடித்து, வாய் முழுக்கத் திறக்கவில்லை.

"ஏம்மா... கீழ தண்ணி ஊத்தினது நீயா?"

கண்டக்டரம்மா திருட்டு முழி முழித்தாள். "வெறும் தண்ணிதானேண்ணே. வாய் கொப்புளிக்கக் கொடுக்கறது. உப்பும் சோடாவும் கலந்தது. புண்ணுல பட்டா உயிரே போகுது."

"நர்ஸம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அந்தப் பொண்ணு ஒத்தை ஆளா ஓடிக்கிட்டு கிடக்கு. டம்ளர் காலியா இருந்தா அதுக்கு அவ்வளவு சந்தோஷம். கெடுப்பானேன்னு..." மூச்சு வாங்கினாள். "நான் மட்டுமா ஊத்தறேன்?"

பச்சை அண்ணன் திரும்பினார். ஒருத்தி விட்டத்தைப் பார்த்தாள். ஒருத்தி போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். மூலைக்கட்டில் பெரியம்மா, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் தலையணையைத் தட்டிப்போட்டார். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்தால் புண் வலிக்கும். வாயைப் பொத்திக்கொண்டு எல்லோரும் குலுங்கினார்கள்.

"தினமும் பார்க்கறோம்ண்ணே" என்றாள் கண்டக்டரம்மா. "பாவம், இந்த ஆளு என்னத்தைத்தான் நோண்டறாருன்னு பேசிக்குவோம். எங்களாலதான்னு தெரியாது. எனக்கு இந்த நோவுன்னு தெரிஞ்ச அன்னிக்கு, என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி, என் வீட்டுக்காரர் அங்கதான் உட்கார்ந்திருந்தார்."

பச்சை அண்ணன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "புல்லை நான் பார்த்துக்கறேன். ஆனா வாய்ப்புண்ணை யார் பார்ப்பா? நான் போட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

சொன்னார்கள். நர்ஸுக்கு முதலில் கோபம், அப்புறம் அழுகை. "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா? மரத்துப்போக மருந்து இருக்கே!" டாக்டர் வந்து பார்த்தார். டம்ளரில் உப்பு குறைந்தது, கொப்புளிக்குமுன் வாயில் வைத்துக்கொள்ள மருந்து வந்தது. புண் ஒரேயடியாக ஆறிவிடவில்லை. ஆனால் கஞ்சி உள்ளே போயிற்று.

கீழே பச்சை அண்ணன் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, ஜிப்சம் போட்டுக் கொத்தி, நல்ல தண்ணீரை விட்டு விட்டு உப்பை அலசினார். நடக்கத் தெம்பு வந்ததும் கண்டக்டரம்மா சாயங்காலம் இறங்கிவந்து குழாயைப் பிடித்தாள். "பின்னாடி போங்க, பின்னாடி போங்க" என்று கீச்சுக்குரலில் அவரையே விரட்டினாள்.

மூலைக்கட்டில் பெரியம்மா மட்டும் வீடு திரும்பவில்லை. அன்று பச்சை அண்ணன் மாடி ஏறி, காலிக்கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி கேட்காமல் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

ஓரத்துப் புல் சொட்டைக்குள் ஊர்ந்து வர மழைக்காலம் ஆனது. ஒரு இடம் மட்டும் என்ன செய்தும் பிழைக்கவில்லை. அதில் கல்லைப் பதித்துவிட்டார்.

கண்டக்டரம்மா செக்கப்புக்கு வந்தபோது கணவரும் கூட வந்தார். அவள் குரல் கட்டையாகத்தான் இருந்தது. "டிப்போவுல உட்கார்ற வேலை கொடுத்துட்டாங்கண்ணே. பஸ்ஸுல கத்தற வேலை மிச்சம்."

கணவர் புல்லைப் பார்த்துத் தயங்கினார். "இங்க உட்காரலாங்களா?"

"இப்பத்தான் தண்ணி விட்டேன், ஈரமா இருக்கும்" என்றார் பச்சை அண்ணன்.

அதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.