வடிந்த தண்ணீர் ஒரு டம்ளர்

"நம்ம துணியில வடிஞ்ச தண்ணிய மோந்து குடிக்கலாம் மாமே. ஒரு பொட்டு கரி கீதுன்னா என் பேரை மாத்தி வையி."

இப்படிச் சொல்லிக்கொண்டே பாஸ்கல் முதல் டம்ளர் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்ப்பார். இரண்டாவது டம்ளரைத்தான் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிக் காட்டினால் உள்ளே என்ன தெரியும் என்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் யாரும் கேட்டதில்லை.

அவர் வேலை பார்க்கும் பட்டறையில் செய்வது கரிச்சேற்றை வடிகட்டும் இயந்திரம். வடக்கே சுரங்கத்துக் கரியைக் கழுவும்போது மாவு போன்ற தூள் தண்ணீரோடு சேறாகிவிடும். அந்தச் சேறு டிரம்மில் அடைபட்டு இங்கே சோதனைக்கு வரும். துணி கட்டிய சட்டத்தை அதில் முக்கி, பின்பக்கத்திலிருந்து பம்ப்பால் உறிஞ்ச வைப்பார் பாஸ்கல். தண்ணீர் துணியைக் கடந்து போகும். கரி அடை போல ஒட்டி நிற்கும். புதுத் துணி முதலில் கொஞ்சம் கரியையும் கோட்டை விடும். அடை படிந்தபின் கரியே கரியை மறிக்க, தெளிந்த தண்ணீர் வரும். இந்த இயற்கை விதிக்குப் பாஸ்கல் வைத்திருந்த பெயர், தன் கைராசி.

நெமிலிச்சேரியிலிருந்து மின்சார ரயிலில், கரி வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். அடையில் விரிசல் விழுந்தால் காற்று அதன் வழியே புகுந்துவிடும், ஈரம் கரியிலேயே தங்கிவிடும். விரிசலைக் கட்டைவிரலால் பூசுவார், பம்ப்பை அதட்டுவார். "இன்னாத்துக்கு இப்டி இளைக்கிற? சோறு துன்னலியா?" பம்ப் ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது.

எண்பத்தேழு மழைக்காலத்தில் ஆர்டர்கள் வற்றின. முதலாளி பரந்தாமன் சொன்னார்: "இதுவும் கைநழுவிச்சுன்னா சோதனை மேடையை இழுத்து மூடிடுவேன். நீ பெயின்ட் அடிக்கப் போயிடு."

'இது' என்றது, கரி கழுவும் ஆலையிலிருந்து வந்திருந்த அதிகாரி கங்காதரன் கையிலிருந்த ஆர்டரை. அவர் அடையைக் கிள்ளிப் பார்த்தார், பொலபொலவென்று உதிர்ந்தது.

"கரி நல்லா காஞ்சிருக்கு. ஆனா தண்ணியோட கரியும் ஓடினா எங்களுக்கு நஷ்டம். நீங்க அந்தத் தண்ணியைக் குடிப்பீங்களாமே? புதுத் துணி போடுங்க. முதல் டம்ளரைக் குடிச்சுக் காட்டுங்க, ஆர்டர் தர்றேன்."

பம்ப் பார்க்கும் துலுக்கானம் காதோரம் வந்தான். "அண்ணாத்தே, வாணாம். வவுத்துக்குள்ள கூட்ஸ் வண்டி ஓடும்."

"பெயின்ட் டப்பாவுக்கு இது தேவல, போடா."

புதுத் துணி ஏறியது, முதல் டம்ளர் நிறைந்தது. பாஸ்கல் உள்ளே பார்க்கவில்லை. கண்ணை மூடி, சிலுவை போட்டு, ஒரே மடக்கு. கங்காதரனும் டம்ளரைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"போதும். ஆர்டர் உங்களுக்குத்தான்" என்று பரந்தாமனின் கையைக் குலுக்கினார். "எப்படி இருந்துச்சு பாஸ்கல்?"

"சொல்லேன்யா" என்றார் முதலாளி, வாயெல்லாம் பல்லாக.

பாஸ்கல் இறுக மூடிய உதட்டோடு பலமாகத் தலையாட்டினார். பெரிய கும்பிடு ஒன்று போட்டார். பிறகு நிதானமாக நடந்து டிரம்களின் மறைவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, ஆள்காட்டி விரலால் பல்லைத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் துடைக்கப் போனவர், அதை டிரம்மில் துடைத்துவிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.